இணையானது

களியக்காவிளைச் சந்தையில் எல்லை எங்கே என்று
யாரும் குனிந்து பார்ப்பதில்லை.
மீன்காரி பிலோமி இந்தப் பக்கம் அயிலையை நிறுத்துப் போட்டு
அந்தப் பக்கம் போய்ச் சில்லறை மாற்றி வருவாள்.
நானும் அப்படித்தான், இரண்டு வருடம்,
காலை ஏழே கால் பஸ்ஸில் பாறசாலை தாண்டிப் போய்ப்
படித்து வந்தேன்,
சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுக்க.

நாகர்கோவிலில், மாடியில், ஐந்தாவது மேசை.
அவர் என் கவரைப் பிரித்தார்.
"இது கேரளம்லா."
"ஆமா சார்."
"நம்ம படிப்புக்கு இது சமம்னு யாரு சொன்னா?"
யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதற்கொரு தாள் உண்டு: இணைச்சான்று.
அதை வாங்க வேறு தாள்கள் உண்டு.
பாடத்திட்டம் முழுக்க, பக்கத்துக்குப் பக்கம்,
படித்த இடத்தின் முத்திரை.
மழைக்குப் பயந்து லாமினேஷன் போட்ட மார்க் லிஸ்டை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
"இதுல சீல் எங்க பிடிக்கும்?" என்றார் இன்னொருவர்.
இடவப்பாதி மழை எங்கள் ஓட்டைப் பிரித்து இறங்கும் என்று
அவருடைய விதி எதிலும் எழுதியிருக்கவில்லை.

பதினான்கு மாதம்.
ஷிபு வெட்டிய ரப்பர் பால் ஷீட்டாகிக் காயும் கொடியில்
என் நகல்களும் காய்ந்தன.
இரண்டுக்கும் ஒரே மணம் வந்தது.

சான்று வந்தது. ஒரே பக்கம்.
"இணையானதாகக் கருதப்படுகிறது."
இணையானது என்று எழுதவில்லை.
கருதப்படுகிறது.

பிறகு டெட்.
முதல் தடவை மூன்று மார்க்கில் போனது.
அடுத்த தடவை வயிற்றில் எட்டு மாதம்;
மார்த்தாண்டத்தில் ஒல்லிப் பெஞ்சில்
பக்கவாட்டில் உட்கார்ந்து எழுதித் தேறினேன்.
ஏழு வருடம் செல்லும் என்றார்கள்.
பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும் என்றார்கள்.
யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றியது.
தகுதி வேறு, நியமனம் வேறாம்;
நியமனத்துக்கு இன்னொரு பரீட்சை.
அரசாணை எண்களை இப்போது
வேத வசனம்போலச் சொல்வேன்,
அதிகாரமும் வாக்கியமும் பிசகாமல்.

கோபம் இல்லை என்றால் பொய்.
ஆனாலும் என் மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று
கேட்டைத் தாண்டும்முன் நான் கேட்டது இதைத்தான்:
"இந்த டீச்சர் என்ன படிச்சிருக்காவ?"

இப்போது மஞ்சாலுமூட்டில் தற்காலிகம்.
நிரந்தரமானவர் வரும்வரை, மூன்றாம் வகுப்பு.
பலகையில் எழுதினேன்
ஏழும் ஐந்தும் ஒரு பக்கம்,
ஐந்தும் ஏழும் மறுபக்கம்,
நடுவில் இரண்டு கோடு.
"ரண்டும் சமம்."
அபிஷா எழும்பினாள்.
"யாரு சொன்னா டீச்சர்?"

வாய் தானாகத் திறந்தது, அரசாணை எண் சொல்ல.
மூடிக்கொண்டு
மேசையில் கொல்லாங்கொட்டையைக் கொட்டி
எண்ணச் சொன்னேன்.
இந்தப் பக்கம் பன்னிரண்டு.
அந்தப் பக்கம் பதினொன்று.
ஒன்று எங்கேயோ உருண்டிருந்தது.

வகுப்பு முழுக்கக் குனிந்து
பெஞ்சுக்கடியில் தேடிக்கொண்டிருக்கிறது.
நானும்.