மாடிப்படிச் சீழ்க்கை

ஸ்கீவெயில் ஒரு பழைய சேமிப்பு வங்கிக் கட்டடம்,
படைவீரர் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் இடம் இப்போது.
பெட்டக அறையின் இரும்புக் கதவைப்
பெயர்க்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.
அதற்கு எதிரே நான்கு நாற்காலிகள்,
யாரும் தொடாத பிஸ்கட் தட்டு,
ஒரு பெட்டி நிறைய மெல்லிய காகிதக் கைக்குட்டைகள்.
பார்த்ததும் கோபம் வந்தது எனக்கு.
அழப்போகிறோம் என்று யார் சொன்னது?

முதல் மூன்று முறையும் யெப்பெ
சிப்பிகளைப் பற்றியே பேசினான்.
லிம்ஃபியோர்டில் தண்ணீர் எவ்வளவு குளிர்,
இந்த ஆண்டு கிலோ என்ன விலை,
மஞ்சள் ரப்பர் காலுறையில் எங்கே ஓட்டை விழும்.
போடில் அத்தனையும் கேட்டுக்கொண்டார்,
சிப்பி கேட்கவே சம்பளம் வாங்குகிறவர் போல.
ஹெல்மண்ட் என்ற சொல்லை
அவரும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

நான்காம் முறை மகளையும் அழைத்துவரச் சொன்னார்.
ஆல்பெர்டெவுக்கு ஒன்பது வயது.
அவன் திரும்பி வந்து நாலு வருடம் கழித்துப் பிறந்தவள்.
அந்தப் போரில் அவளுக்குப் பங்கில்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்கள் வீட்டில் என்னென்ன விதிகள், என்று கேட்டார் போடில்.
செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், என்றாள்.
சாப்பிடும்போது கைபேசி கூடாது.
பிறந்தநாளுக்கு பலூன் கிடையாது.
அப்புறம்,
மாடிப்படி ஏறும்போது சீழ்க்கை அடிக்க வேண்டும்.

யெப்பெ சிரித்துவிட்டான்.
அது விதியா? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பாட்டுப் பைத்தியம்.
இவள் அம்மா அடிப்பாள், இவள் அடிப்பாள்,
எப்போதாவது வரும் என் தம்பிகூட அடிப்பான்.

இல்லப்பா, என்றாள்.
நாங்க வர்றது உனக்குத் தெரியணும்னுதான்.

சுவரில் வெப்பக்குழாய் ஒருமுறை இருமியது.

சொல்லியிருக்கலாம் நான், எப்போதோ.
வெறும் காலுறையோடு துணிக்கூடை தூக்கிக்கொண்டு
அவன் பின்னால் போன அந்த மாலையை.
சுவருக்கும் அவன் முழங்கைக்கும் நடுவில் என் கழுத்து.
ஒரு நொடி. ஒரே நொடிதான்.
பிறகு விடியும்வரை அவன்
சலவை எந்திரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான்.
மறுநாள்தான் எனக்குச் சீழ்க்கை அடிக்கும் பழக்கம் வந்தது.
மகளுக்கு மூன்று வயதில் கற்றுக்கொடுத்தேன்,
விளையாட்டு என்று சொல்லி.

முன்பற்கள் விழுந்தபோது அவளுக்குச் சீழ்க்கை வரவில்லை.
அந்த இரண்டு மாதமும் கீழே சோபாவிலேயே தூங்கினாள்.
பல்வலி, என்று அவனிடம் சொல்லி வைத்தேன்.
அவன் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தான், தினமும்.

அதை நான் இப்போது சொன்னேன்,
பெட்டகக் கதவைப் பார்த்துக்கொண்டு.
யெப்பெ ஒரு பிஸ்கட்டை எடுத்தான்.
தின்னவில்லை.
கையிலேயே அது தூளாகிக் கால்சட்டையில் கொட்டியது.
போடில் ஒன்றும் சொல்லவில்லை,
காகிதப் பெட்டியையும் நகர்த்தவில்லை.
அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

எதுவும் தீர்ந்துவிடவில்லை.
இந்தப் புத்தாண்டு இரவிலும்
வாணவேடிக்கைக்குத் தப்பிக் கப்பலேறினோம்,
பாதிக் கடலில், கார்த் தளத்துக்கு மேலே,
மூவரும் உருளைக்கிழங்கு வறுவல் தின்றபடி.
மாத்திரை பெயர் மாறியிருக்கிறது.
இரண்டு மணிக்கு அவன் எழுந்து
கதவுகளைச் சரிபார்ப்பது மாறவில்லை.

ஆனால் போன செவ்வாய், அப்படி இறங்கிப் போனவன்
திரும்பப் படியேறும்போது
ஒரு சத்தம். ராகமும் இல்லை, சீழ்க்கையும் இல்லை,
உதடுகளுக்கு நடுவே வெறும் காற்று.
இத்தனை வருடம் பாட்டுப் பைத்தியம் என்றவனுக்கு
சீழ்க்கை அடிக்கவே வராது.
பக்கத்து அறையில் ஆல்பெர்டெ
தூக்கத்திலேயே புரண்டு படுத்தாள்.

அடுத்த வியாழன் என்னைத் தனியாக வரச் சொல்லியிருக்கிறார் போடில்.
என்னிடம் என்ன இருக்கிறது பேச?
இப்போதே
சிப்பி விலையை விசாரித்து வைத்திருக்கிறேன்.