பெல்ட் படும் இடம்

முதல் இரண்டு நாள் தோலில் ஒன்றுமே இல்லை.
இடப்பக்கம், மார்புக்குக் கீழே,
யாரோ பீடி முனையை வைத்து வைத்து எடுப்பதுபோல.
எண்ணூர் நெடுஞ்சாலை வரிசையில்
எனக்கு முன்னால் அறுபத்தோரு டிரெய்லர்.
மாரடைப்பென்றே முடிவு கட்டினேன்.
நான் போனால் இந்தக் கண்டெய்னருக்கு
யார் கையெழுத்துப் போடுவார்கள்
என்றுகூட யோசித்தேன்.
திருவொற்றியூரில் ஈசிஜி எடுத்தார்கள்.
கோடு ஒழுங்காகத்தான் எகிறியது.
கேஸ் என்றார்கள். ரோஸ் கலர் மருந்து குடித்தேன்.

மூன்றாம் நாள் சட்டையைக் கழற்றினால்
முதுகில் கிளம்பி, விலாவைச் சுற்றி,
வயிற்றின் நடுவில் வந்து நின்றிருந்தன
கொப்புளங்கள்.
கிளீனர் அப்புனு எட்டிப் பார்த்தான்.
“அக்கிண்ணே.
ரெண்டு முனையும் சேந்துச்சுன்னா ஆளு காலியாம்.”
இதைச் சொல்லத்தான் இவனுக்குப் படி கொடுக்கிறேன்.

கொசப்பேட்டையில் ஒருத்தி காவி குழைத்து
என் விலாவில் இரண்டு சிங்கம் எழுதினாள்.
ஈரம் இருந்தவரை குளிர்ச்சி.
காய்ந்ததும் சிங்கம் கடித்தது.

மறுநாள் ஸ்டான்லி.
தோல் டாக்டர் என் மகள் வயசு.
பஞ்சை நனைத்துச் சிங்கத்தின் வாலைத் துடைத்தாள்.
“கொப்புளம் எப்ப வந்துச்சு?”
“நேத்து காலையில.”
“நல்லவேளை. மூணு நாளுக்குள்ள மாத்திரையைப் போட்டுடணும்.”
நாளைக்கு ஐந்து வேளை. ஏழு நாள்.
சோறே மூன்று வேளை கிடைக்காத வேலையில்
மாத்திரை ஐந்து வேளை.
“சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?”

போட்டது.
ஒன்பது வயதில், காலடிப்பேட்டையில்,
வேப்பிலை மேல் கிடந்தேன்.
மூன்றாம் தண்ணீர் ஊற்றி
ஆத்தா இறங்கிட்டா என்றார்கள்.
இறங்கவில்லை.
தண்டுவடத்து ஓரமாய், ஒரு நரம்பு முடிச்சில்,
இன்ஜினை அணைத்து, லைட்டை அணைத்து,
நாற்பத்து நான்கு வருஷம்
பார்க்கிங்கில் கிடந்திருக்கிறாள்.
தூக்கமில்லாமல் மூன்று டிரிப்,
ஏறிப்போன சர்க்கரை,
கேட் தானாகத் திறந்துகொண்டது.

“ரெண்டு முனையும் சேர்ந்தா...?”
“சேராதுங்க. ஒரு நரம்பு, ஒரு பக்கம்.
நடுக்கோட்டைத் தாண்டாது.”
இந்த ஊரில் நடுக்கோட்டை மதிக்கிற
ஒரே வண்டி
என் உடம்புக்குள் ஓடுகிறது.

எழுந்தபோது இன்னொன்று கேட்டாள்:
வீட்டில் யாராவது பிள்ளைத்தாய்ச்சி?
பிரமிளாவுக்கு ஏழு மாதம்.
அவளுக்கு அம்மையே போட்டதில்லை.

புண் காய்ந்து பொருக்கு கட்டும்வரை
கேபினிலேயே படுத்தேன், பத்து ராத்திரி.
சட்டை தனி, துண்டு தனி, துவைக்கிற வாளியும் தனி.
மருமகன் தூக்குச்சட்டியை டயர்மேல் வைத்துவிட்டுப் போவான்.
அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று
போனில் கேட்பாள்,
ரசத்துல உப்பு இருக்கா?
நடுவில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும்.
வயிறு தெரியும், மறையும், தெரியும்.

புண் ஆறிவிட்டது. வலிக்கு அது தெரியவில்லை.
ஃபேன் காற்றே ஊசி.
துணி உரசினால் கரண்ட்.
சில பேருக்கு மாசக்கணக்கில் நிற்குமாம்;
அதற்கென்று ராத்திரி ஒரு மாத்திரை.
தூக்கம் வருகிறது. வண்டி ஓட்டும் நாளில் போட முடியாது.

நேற்று எம்.எஃப்.எல். பக்கம் மடக்கினார்கள்.
“பெல்ட் எங்கய்யா?”
சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
பெல்ட் எந்த வழியில் இறங்குமோ
அதைக் குறுக்கே வெட்டிப் போகிற கருப்புத் தழும்பு.
அந்த ஏட்டு இரண்டடி பின்னால் போனார்.
“ஒட்டுமா?”
“காஞ்சு போச்சு சார்.”
சலான் புத்தகத்தைத் திறந்தவர் மூடவில்லை,
எழுதவும் இல்லை.
“அம்பது தாண்டுனா இதுக்கு ஊசி இருக்குதாமே.
எங்க வீட்டுக்காரி கண்ணோரமா வந்து
பார்வையே மங்கிடுச்சு.”
இருக்கிறதாம், ஒரு டிரிப் காசு ஆகும் என்றேன்.
தலையாட்டினார். அப்புறம் எழுதினார்.

பிரமிளாவின் பழைய பருத்திப் புடவை ஒன்றை
நாலாக மடித்து விலாவில் வைத்து
பெல்ட்டை மாட்டினேன்.
வலித்தது.
முன்னால் நாற்பத்து மூன்று வண்டி.