லாபம், ரெண்டு, மூணு

கொள்முதல் நிலையத்தில் எனக்கு மூட்டை எண்ணுகிற வேலை.
முதல் மூட்டையை ஒன்று என்று சொல்லமாட்டோம்,
லாபம் என்போம்.
கொரடாச்சேரிப் பக்கம் எல்லாக் களத்திலும் அப்படித்தான்.

அறிவரசனுக்கும் அதே பழக்கம்.
விளக்கு வைத்ததும் ஒரே மூச்சில் எண்ணிக் காட்டுவான்.
ஆடியில் இருபத்திரண்டு.
ஐப்பசி மழையில் சளி பிடித்த பிறகு பதினைந்து.
நேற்று ஏழு.
ஏழோடு நிறுத்தி என்னைப் பார்த்தான்.
வலிக்குதாடா என்றேன்.
இல்லை என்றது புருவம்.

இரைப்பு இல்லை, இழுப்பு இல்லை.
பார்க்கிறவர்களுக்குத் தூக்கக் கலக்கம்தான்.
சதை நோயில் மூச்சு
சத்தம் போடாமல் கிளம்பும்.

நூற்றெட்டு வந்தது. சட்டையில் ரெஜினா என்று பெயர்.
விரலில் மாட்டிய கருவியில் எண்பத்தாறு.
சிலிண்டரைத் திருகப் போன அவள் கையை
மரியாதை பார்க்காமல் பிடித்துவிட்டேன்.
"அதை மட்டும் குடுத்தா நம்பர் ஏறும்மா,
புள்ள அப்படியே அசந்துடுவான்."
வாய்க்கால் முட்டத் தண்ணீர் கிடக்கிறது,
இறைக்கிற மோட்டார்தான் ஓடவில்லை.
எனக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும்.
அவன் கழுத்து அட்டையில் டாக்டர் எழுதியிருந்ததை
டார்ச் அடித்து இரண்டு முறை படித்தாள்.
மல்லாத்தவில்லை. தலைமாட்டை நிமிர்த்தி
எங்கள் மெஷினையே மாட்டி
அதன் குழாயில் கொஞ்சமாக ஆக்சிஜன் சேர்த்தாள்.

நீடாமங்கலம் கேட் சாத்தியிருந்தது.
நெல் வேகன்கள். நான் எண்ணி அனுப்பியதும்
அதில் போயிருக்கலாம்.
முப்பதாவது வேகனில் பேட்டரி கத்தியது.
ரெஜினா காற்றுப் பையை என்னிடம் தந்து
முகமூடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள்.
அழுத்துங்க, விடுங்க. அவசரம் வேணாம்.
நாற்பது கிலோ சிப்பம் தூக்குகிற கைக்கு
அது ஒரு கனமே இல்லை.
கனமில்லாததால்தான் கை நடுங்கியது.
எண்ணிக்கொண்டே அழுத்தினேன்.
கேட் திறந்தபோது எத்தனையில் இருந்தேன்,
மறந்துபோச்சு.

தஞ்சாவூரில் இருமிக் கொடுக்க ஒரு மெஷின் இருந்தது.
மூன்று நாள் அவனுக்காக அது இருமியது.
நான்காம் நாள் முகமூடியைக் கழற்றி
சின்ன டாக்டர், சேலத்துக்காரர், எண்ணச் சொன்னார்.
லாபம், ரெண்டு, மூணு...
பத்தில் நின்றான்.
அவர் ஒன்பது என்று எழுதினார்.
தம்பி ரெண்டிலிருந்துதானே ஆரம்பிச்சார் என்றார்.
"லாபமும் கணக்குல உண்டு சார்."
அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினார்.

அறிவரசன் முகமூடியைப் பார்த்தான், பிறகு என்னை.
மாட்டிவிட்டேன்.