மூடிய கதவுக்குள் பதினைந்து வாட்ஸ்

சாயந்திரம் கல்லாக இருந்தது.
விடியலில் தொட்டால்
பைக்குள் சிவப்புத் தண்ணீர்,
அழுத்தினால் கையிலிருந்து நழுவுகிறது.

நாற்பது ஐஸ் பக்கட். ஒன்று முப்பது ரூபாய்.
கந்தப்பளைக் குளிரில் ஐஸை யார் வாங்குவார்கள் என்று
கேட்காதீர்கள்.
பள்ளிக்கூடம் விடும் நேரம் வந்து பாருங்கள்,
ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே
பல் கிட்டக் கிட்ட உறிஞ்சுவதை.

முதலில் வந்தவர் லலித் பாஸ்.
பின்பக்கம் குனிந்து மோட்டாரில் காது வைத்து
"கேஸ் எறங்கியிருக்கு" என்றார்.
ஏற்றினார். ஒன்பதாயிரம்.
கடைசித் தவணைக்கு வைத்திருந்த காசு.
மூன்றாம் நாள் மறுபடியும் தண்ணீர்.
போன் எடுத்தால் அவருக்கு சிக்னல் இல்லை.

பிறகு நானே இறங்கினேன்.
கதவு ரப்பருக்கு நடுவில் இருபது ரூபாய்த் தாளை வைத்து மூடி
இழுத்துப் பார்த்தேன், நாலு பக்கமும்.
கடன் வாங்கியவன் மாதிரி
விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது ரப்பர்.
பின்னால் கம்பியெல்லாம் அடுப்புக் கரி, தூசி,
பொரித்துப் போன இரண்டு பல்லி முட்டை.
பழைய பிரஷால் தேய்த்தேன்.
எண்ணைத் திருகினேன். மூன்று. ஐந்து. ஏழு.
ஏழுக்கு மேல் அதில் எண் இல்லை.

பத்தொன்பதாம் தேதி விடியல்.
லீக்ஸ் பாத்தி முழுக்க வெள்ளை.
கோவா இலை மடிப்பில் ஐஸ்,
வாளித் தண்ணீர் மேல் ஐஸ்,
முழங்கையால் உடைத்து முகம் கழுவினேன்.
உள்ளே வந்து ஃப்ரீசரைத் திறந்தேன்.
சொட்டு. சொட்டு.
தோட்டமே உறைந்து கிடக்கிறது,
உறைவதற்கென்று காசு கொடுத்து வாங்கிய பெட்டியைத் தவிர.

அன்று கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
எழுத ஆரம்பித்தேன்:
19 நச்சத்திரம். உருகிச்சு.
20 மழை. கல்லு.
21 மூட்டம். கல்லு.
22 நச்சத்திரம். கோவா கருகிச்சு. தண்ணி.
23 மழை. கல்லு.
24 கரண்ட் இல்ல. கணக்கில்ல.

ராகலையில் மீன்கடைப் பெட்டிகள் பார்க்கிற முபீத்
பையைத் திறக்கவே இல்லை.
கொப்பியை வாசித்தான். இரண்டு தரம்.
"அக்கா, இதுக்கு வருத்தம் ஒண்ணுமில்ல.
இதுக்குக் குளிருது."

மேலேயும் கீழேயும் பெட்டி இரண்டு, மோட்டார் ஒன்று.
மோட்டாரை எழுப்புகிற காதும் ஒன்று,
அது இருப்பது கீழே, மரக்கறித் தட்டுப் பக்கம்.
வானம் தெளிந்த ராத்திரி என் குசினியே ஐந்து டிகிரி.
கீழே எல்லாம் குளுகுளு,
வேலை முடிந்ததென்று அது தூங்கிவிடுகிறது.
மேலே அழுவது அதற்குக் கேட்பதில்லை.

"பரவாயில்லையே," என்றான் யோகராஜ்,
"கீழ உள்ளவனக் கேட்டு நடக்கிற சாமான்
நம்ம வீட்டுலதான் இருக்கு."

உள்ளே வெளிச்சம் தருகிற பல்பு,
கதவு மூடினால் அணைக்கிற பட்டன்.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு முபீத்
பட்டனின் இரண்டு வயரையும் ஒன்றாய் முறுக்கி
டேப் சுற்றினான். டேப்பின் மேல் பேனாவால்
"மார்ச்சில் கழட்டவும்."
இனி அணையாது.
அந்தப் பதினைந்து வாட்ஸ் சூடு போதுமாம்,
அதை ஏமாற்றி எழுப்ப.

எழுநூறு ரூபாய் வாங்கினான்.
ஒரு பக்கட்டும் எடுத்தான். தண்ணீர்தான்.
ஓரத்தைக் கடித்துக் குடித்துவிட்டுப் போனான்.

இப்போது மணி இரண்டு. ஜன்னலில் நட்சத்திரம்.
இரண்டு கம்பளிக்குள் கிடக்கிறேன்.
ரப்பர் நல்ல ரப்பர், ஒரு கீற்றும் வெளியே வராது.
ஆனாலும் தெரியும்:
உள்ளே பாதிப் பூசணி, தயிர்ச் சட்டி, நாலு முட்டை,
பட்டப்பகலில் உட்கார்ந்திருக்கின்றன.
மோட்டார் ஒருமுறை உதறி எழுகிறது.

பதினைந்து வாட்ஸ், இருபத்துநாலு மணி,
மார்ச் வரைக்கும்.
பக்கட்டுக்கு இரண்டு ரூபாய் கூட்டினால்
அந்தப் பிள்ளைகள் என்ன சொல்லும்.