முதலில் கறுப்பது கண்

மலபாரில், காற்று ஓயாத போர்ட் எலிசபெத்தில்,
மதிலுக்கு அஸ்திவாரம் தோண்டியவர்
கல்லைப் புரட்டினார்.
கறுப்பு உடம்பு. அதில் வெள்ளைப் பொட்டுகள்.
குனிந்து எண்ணினாராம்.
ஏழு வரை எண்ணியது நினைவிருக்கிறதாம்.
எட்டுக்கு முன்
பின்புறத்தைத் தூக்கிப் பீய்ச்சிவிட்டது.

அரைமணி நேரம் உப்புநீர் விட்டுக் கழுவினேன்.
‘ஊக்பிஸ்டர்’ என்றார் வலியோடு,
ஆப்ரிக்கான்ஸில் அதன் பெயர்.
தமிழில் கேட்டால் சிரிப்பீர்கள்:
கண்ணில் மூத்திரம் பெய்வது.
மூத்திரம் இல்லை,
எறும்பிடம் இருக்கும் அதே அமிலம்.
எறும்பையும் தின்னும்.
முதுகில் இருப்பது ஒட்டிப்போன மூடி;
பறக்காது, ஓடும்.

மூன்றாம் வாரம்
தயாளன் படையாச்சி மறுபடி வந்தார்,
ஒரு கண்ணில் கட்டு, கையில் ஜாம் டப்பா.
உள்ளே ஈரமண் கட்டி,
அதன் நடுவே விரல்நுனி அளவு அறை.

முட்டையாய் மண்ணில் கிடந்து,
தாடை மட்டும் பெருத்த புழுவாய்த் திரிந்து,
தோலை உரித்து உரித்து எறிந்தது
இப்போது அசையாமல் மல்லாந்திருக்கிறது.
பால்வெள்ளை.
காலும் கொம்பும் நெஞ்சோடு மடித்து
குளிருக்கு ஒடுங்கிய ஆள் மாதிரி.
பொட்டு ஒன்றுகூட வரவில்லை.
எங்கும் நிறமில்லை,
இரண்டு கண்களைத் தவிர.
அவை மட்டும் கறுத்துவிட்டன.

“இதை ஏன் இங்கே கொண்டுவந்தீங்க?”

“எண்ணி முடிக்கணும் சிஸ்டர்.”

கட்டைப் பிரித்தேன்.
ஜன்னல் பக்கம் திருப்பி,
வெளிச்சம் தெரிகிறதா என்றேன்.
டப்பாவின் மூடியில்
ஆணியால் குத்திய ஓட்டைகளை
உதடு அசைய அவர் எண்ணத் தொடங்கினார்.