உப்பு ஒரு சிட்டிகை

தொட்டியை மூடிய அன்று சந்தியாகு கொத்தனார்
கைகழுவிக்கொண்டே சொன்னார்:
இரும்பு டிரம் வேண்டாமென்றது இதற்குத்தான்.
இந்தக் காற்று ஆணியையே தின்னும்.
செங்கல்லைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறேன்,
இனி உன் பாடு, மாட்டின் பாடு.

மாடு இரண்டு. ஆடு பதினொன்று.
ஆட்டுப் புழுக்கை மிதக்கும் என்று யாரும் சொல்லவில்லை.
மிதந்தது. ஊறவைத்து மிதித்தேன்.
வைக்கோல் கூளம், வெம்பிய தர்பூசணி,
பிறகு காதர் மீரா கறிக்கடையிலிருந்து ஒரு வாளி,
ஆட்டின் இரைப்பையில் பாதி செரித்த பச்சை.
"இதுதான் உறைமோர்" என்றார் கொத்தனார்.
மூக்கைப் பொத்திக்கொண்டு உறை ஊற்றினேன்.

நாற்பது நாள்.
குழாயைத் திறந்தால் சீறும்,
சீறி என் தீக்குச்சியை அணைக்கும்.
பதினேழு தீப்பெட்டி.
நீ கணக்குக் கேட்பாய் என்று எண்ணி வைத்தேன்.
நம்புத்தாய் வந்து மோந்து பார்த்துவிட்டு,
"மாட்டு ஏப்பத்துக்கா
மச்சான் அரபுநாட்டுல வெயில்ல நிக்குது?" என்றாள்.

அன்றிரவுதான் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
சாணியை அல்ல,
சாணி கரைக்கிற தண்ணீரை.
நம் போர் தண்ணீர்.
பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது,
தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் உயிருக்கு மட்டும்
இனிக்குமா?

புதுமடம் கடலோரம், மணலில் தோண்டிய ஊற்று.
சிரட்டையில் அள்ளி ஒரு குடம் நிறைய
முக்கால் மணி நேரம்.
ஒரு குடம் வீட்டுக்கு, இரண்டு குடம் தொட்டிக்கு.
குடிக்கிற தண்ணியைச் சாணிக்கு ஊத்துறா
என்று வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
உன் அம்மா மூன்று நாள் குளிக்கவில்லை.
அதை உன்னிடம் சொல்லாதே என்றார்,
சொல்லிவிட்டேன்.

பத்தாம் நாள் விடியலில்,
பதினெட்டாவது பெட்டியின் நான்காம் குச்சி,
பிடித்தது.

கருவேல விறகு மாதிரி வெடிக்கவில்லை,
பொறி கக்கவில்லை,
என்னை அழவைக்கவில்லை.
டீ வைத்தேன்.
பால்சட்டியின் அடி வெள்ளையாகவே இருந்தது.
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்
டீ ஆறிப்போயிற்று.

உனக்கு விடியட்டும் என்று காத்திருந்து
உச்சிவெயிலில் கூப்பிட்டேன்.
கீற்றில்லாத கொட்டகை, அடுப்பின் மேல் சூரியன்.
எங்கே தீ, என்றாய்.
இதோ.
அடுப்புதான் தெரியுது.
கையைக் காட்டினேன், சுட்டது,
உதறியதை நீ நடிப்பு என்றாய்.
பிறகு சிக்னல் மேல் பழி போட்டாய்.

போர் தண்ணீர் வற்றிய பானையின் விளிம்பில்
வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்ததை
நகத்தால் சுரண்டினேன்.
நாற்பது நாள் என் தொட்டியை ஊமையாக்கியது.
பர்னர் மேல் தூவினேன்.

குப்பென்று மஞ்சள்.

ஏ... என்றாய்.
உனக்குப் பின்னால் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.
அதற்குள் போய்விட்டது.
மறுபடி அடுப்பும் வெயிலும்தான்.

இன்னொரு தடவை போடு, என்றாய்.