எந்த?

அளவுப் புத்தகத்தில் அது என் கையெழுத்து.
பக்கம் நாற்பத்தொன்று.
நீளம் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர், அகலம் மூன்று,
கனம் பதினைந்து சென்டிமீட்டர்.
முதல் இரண்டையும் நான் அளந்தேன்.
மூன்றாவதை பலராம ராஜு சொன்னார்.
பைக்கின் பெட்ரோல் டாங்கில் வைத்து எழுதினேன்,
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

சிந்தகுண்டா, பள்ளிப்பட்டு தாண்டி ஒன்பது கிலோமீட்டர்.
கடைசி வீட்டுக் கொல்லையில் எல்லைக்கல்.
மனு தமிழில் எழுதுவார்கள்,
சண்டை தெலுங்கில்.
கல்லுக்கு அப்பால் கருப்பு ரோடு வழுக்கிக்கொண்டு போகும் நகரிக்கு.
இப்பால் வந்ததும்
பால் வண்டிக்காரன் கேன்களுக்கு நடுவே சாக்கைத் திணிப்பான்.

சிமென்ட் சாலை போட்டது மாசியில்.
ஆனியில் மாங்காய் டிராக்டர் ஒன்று
ரோட்டை அப்பளமாய் நொறுக்கிவிட்டுப் போயிற்று.
ஓவர்லோடு என்றார் ராஜு.
நானும் அதையே எழுதத் தயாராக இருந்தேன்.

புதிதாய் வந்த ஊராட்சிச் செயலர் நிறைமதி
யாரையும் திட்டவில்லை, யாருக்கும் தந்தி போல் புகார் அடிக்கவில்லை.
என் பக்கத்தை மட்டும்
தண்ணீர்த் தொட்டிச் சுவரில் எழுதவைத்தாள்,
நீலப் பெயின்டில், இரண்டு மொழியில்,
ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் என்ற தொகையோடு.
கடைசியில் என் பெயர்.
குழாயடியில் குடம் நிறையும்வரை
படிக்க வேறு என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் பதினைந்து, கிராம சபை.
கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள்.
தையல்கடை தேசம்மா எழுந்தாள்,
கழுத்தில் மஞ்சள் டேப்.
கடப்பாரையைக் கொண்டுவந்தவன் ராஜுவின் மேஸ்திரி;
அவனுக்கு இரண்டு வாரக் கூலி பாக்கி.
உடைந்த விளிம்பில் டேப்பைச் செருகினாள்.
"எந்த?" என்றது கூட்டம்.

அவர்கள் பேச்சில் அதற்கு எவ்வளவு என்று பொருள்.
எனக்குத் தமிழில் கேட்டது:
எந்த ஆள்? எந்தக் கை? எந்தப் பேனா?

"மூடுன்னர" என்றாள்.
ஆறு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றரை.
ஓரம் அப்படித்தான் இருக்கும் என்றேன்.
நடுவில் தோண்டினாள்.
அங்கே மூன்று.
மிட்டாய் என் வாயில் கரையாமல் கிடந்தது.

உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான்.
நான் சொன்னது, "மறு அளவு எடுக்கிறேன்."
மண்டியிட்டு, வெயிலில், முதல்முறையாக
அந்த ரோட்டைத் தொட்டேன்.
விரலோடு வந்தது மணல்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது.
ஒரு வருடச் சம்பள உயர்வு போயிற்று, வீட்டில் பேச்சும் போயிற்று.
ராஜு சொந்தச் செலவில் திரும்பப் போட்டார்.
கலவை இறங்கிய நான்கு நாளும்
தேசம்மா மெஷினைத் தெருவுக்கே தூக்கிவந்து
யாருடைய ஜாக்கெட்டோ தைத்துக்கொண்டிருந்தாள்.
மேஸ்திரிக்குக் கூலி வந்துவிட்டதாம்.

இப்போது ஆறு அங்குலம் இருக்கிறது.
ஆறேகால்கூட, சில இடங்களில்.
ஆனால் வாட்டம் தவறிவிட்டது.
போன வாரத்து மழை வடியாமல்
தேசம்மா கடை வாசலில் குளமாய் நிற்கிறது;
பாவாடைத் துணி வாங்க வருகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்து வருகிறார்கள்.
கனத்தைத்தான் எல்லோரும் பார்த்தோம்.
வாட்டத்துக்குச் சுவரில் வரி இல்லை.

இன்று போனேன், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு,
மட்டக்குழாயும் ஒரு டப்பா நீலப் பெயின்டும் எடுத்துக்கொண்டு.
தண்ணீருக்குள் நின்றபடியே அவள் டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள்.
சுவரில் இடம் குறைவு.
என் பெயருக்கு மேலே நுழைப்பதா, கீழேயா?
நான் யோசிப்பதைப் பார்த்து,
ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
அவள் தமிழிலேயே கேட்டாள்:
"எந்த வரியில் எழுதுவீங்க, சார்?"